அறுபதில் நின்ற முள்

ஏணியின் கடைசிப் படியில் கால் வைத்து, கூரைக்கு மேல் தலையை நீட்டிய டென்னி ஸ்குபிக் அப்படியே நின்றுவிட்டான்.

வெர்ன் டால்பெர்க் மல்லாந்து கிடந்தான்.

கண்கள் திறந்திருந்தன. அந்தக் கண்களின் மேல் பனித்தூள் விழுந்துகொண்டிருந்தது.

இமைக்கவில்லை!

"வெர்ன்?..."

பதில் வராது என்று தெரிந்தேதான் கூப்பிட்டான். நெற்றி நடுவில் வட்டமாக ஒரு பள்ளம். அதிலிருந்து வழிந்த ரத்தம் காதோரத்தில் உறையத் தொடங்கியிருந்தது.

மினசோட்டாவின் வடக்கு மூலை. சுரங்க ஊர். ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி நெடுஞ்சாலையோரம், பந்து உருட்டி ஆடும் இந்த பௌலிங் கூடம். அதன் தட்டைக் கூரையில், வேன் அளவுக்கு ஒரு புது ஹீட்டர் உட்கார்ந்திருந்தது. அதற்குத்தான் டென்னியும் அவன் மகள் மார்லாவும் வாரம் முழுக்க கேஸ் பைப் போட்டார்கள். நேற்று வேலை முடிந்தது. ஹீட்டரோடு இன்னும் இணைக்கவில்லை. கடைசி முனையில் முழ நீளத்துக்கு ஒரு பைப் துண்டைத் திருகி, அதன் வாயில் இரும்பு மூடி போட்டு, லைன் முழுக்கக் காற்றை ஏற்றி, அழுத்தம் காட்டும் கேஜில் முள்ளை அறுபதில் நிறுத்திவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை கேஸ் லைனைச் சோதிக்கும் இன்ஸ்பெக்டர் வரும்வரை முள் இறங்கக்கூடாது. இறங்கினால் எங்கோ ஒழுக்கு. அதைப் பார்க்கத்தான் டென்னி இன்று வந்தான்.

இப்போது முள் பூஜ்யத்தில் இருந்தது.

அந்த முழப் பைப் லைனில் இல்லை. வெர்னின் தோளருகே கிடந்தது. மூடியில் ரத்தம்.

பக்கத்தில் பைப் முறுக்கும் ரெஞ்ச் ஒன்று.

கைப்பிடியில் பச்சை டேப்!

டென்னி அதைத் தொடாமல் குனிந்து பார்த்தான்.

பைப் வேலைக்காரன் ஒவ்வொருவனும் தன் ரெஞ்சுக்குத் தனி நிறத்தில் டேப் சுற்றி வைத்திருப்பான். டென்னிக்கு சிவப்பு. மார்லாவுக்கு பச்சை. அடுத்தவன் ரெஞ்சை இன்னொருவன் தொடமாட்டான். பல் விளக்கும் பிரஷ் மாதிரி.

பச்சை டேப் இங்கே கிடந்தால், மார்லா இங்கே இருந்திருக்கிறாள்.

இருந்தாள்! சற்றுமுன் வழியில் எதிரே வந்ததே அவளுடைய நீல பிக்கப். வெறி பிடித்த வேகம். ஹாரன் அடித்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நேற்று நடந்தது காதுக்குள் கேட்டது.

"என்ன மார்லா... முனையை டைட் பண்ணியா, இல்ல நெயில் பாலிஷ் போட்டியா?" வெர்ன்தான். பைப் கம்பெனி முதலாளி. கேட்டுக்கொண்டே அவள் இடுப்பில் கை வைத்தான்.

"கையை எடு, வெர்ன்."

"எடுக்கலைன்னா?"

"இதே பைப்பைக் கழட்டி உன் மண்டையில மரை போட்டு ஏத்திருவேன்!"

"ஐயோ பயமா இருக்கே! டென்னி... உன் பொண்ணு வாயில ஒரு வால்வு மாட்டக் கூடாதா?"

கூரை வேலைக்காரர்கள், எலெக்ட்ரீஷியன் எல்லோரும் சிரித்தார்கள். டென்னி சிரிக்கவில்லை. அதற்கு மேல் எதுவும் செய்யவும் இல்லை.

சொன்னதைச் செய்துவிட்டாளா?

ஒரு கணம் வேறொரு எண்ணமும் வந்தது. உள்ளே காற்று இருக்கும்போதே வெர்ன் அதைக் கழற்றினானோ?... பைப் தெறித்து அடித்ததோ?...

சே! காற்றை வெளியேற்றாமல் லைனைக் கழற்றக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். வெர்ன் அயோக்கியன். ஆனால் அவ்வளவு முட்டாள் இல்லை. அதுவும் அடுத்தவர் ரெஞ்சால்!

ஆக, மார்லாதான்.

அம்மா இல்லாத பெண். டென்னிக்கு இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்தி.

"அழாத... அப்பா பாத்துக்கறேன்..." யாரும் இல்லாத கூரையில் முணுமுணுத்தான்.

பைப் துண்டை எடுத்தான். பனியை அள்ளித் தேய்த்துக் கழுவினான். துணியால் துடைத்தான். மரையில் ஒழுக்கை அடைக்கும் பேஸ்ட் தடவினான். லைனில் வைத்துத் திருகினான். கீழே போய், காற்று ஏற்றும் கம்ப்ரஸரை ஓட்டினான். மேலே வந்து முள்ளைப் பார்த்தபடி நின்றான்.

இருபது... நாற்பது... அறுபது.

நிறுத்தினான்.

கொலை ஆயுதம் லைனோடு லைனாக ஆகிவிட்டது. எல்லா கேஸ் பைப்பையும் போல மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டால் அதன் அம்மாவுக்குக்கூட அடையாளம் தெரியாது!

பச்சை டேப் ரெஞ்சைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு இறங்கினான். அவன் கால்தடங்களை ஏரிக்காற்று பனியால் மூடத் தொடங்கியிருந்தது.

* * *

போன் அலறியது.

டென்னி சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே தட்டில் மான்கறி சாசேஜ். கடிக்கவில்லை.

"டென்னி? நான் லோரெய்ன். ஷெரிஃப் ஆபீஸ்."

லோரெய்ன் பெல்லாங்கர். இந்த மாவட்டத்தில் கொலை என்றால் விசாரிக்க அவள்தான் வருவாள்.

"சொல்லு லோரெய்ன்."

"வெர்ன் டால்பெர்க் செத்துட்டான். பௌலிங் கூடத்துக் கூரையில."

"அடப்பாவமே! எப்படி?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். மார்லா எங்ககிட்ட இருக்கா."

டென்னி எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அவ எதுக்கு?"

"கூரையில இருந்திருக்கா. அவ சொல்றதும் நாங்க பாத்ததும் ஒத்து வரலை."

"அவ என்ன சொன்னா?"

"அதை நான் சொல்லக்கூடாது. நீங்க வர்றீங்களா?"

"வந்துட்டேன்!"

* * *

ஜன்னல் இல்லாத அறை. ஒரு மேஜை. சுவரில் பெரிய கண்ணாடி. மூலையில் கேமரா, அதன் சிவப்புப் புள்ளி. கதவோரம் கைல் என்ற இளம் போலீஸ்காரன் நோட்டும் பேனாவுமாக.

"காபி?" லோரெய்ன் கேட்டாள்.

"வேண்டாம். மார்லா எங்க?"

"பக்கத்து ரூம்ல. எதுவும் சாப்பிட மாட்டேங்கறா."

"அவ பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான். கோவம் வந்தா பட்டினி. அவளை விட்டுரு, லோரெய்ன்."

"விடறதுக்கு ஒரு காரணம் குடுங்க."

"உங்க அப்பாவும் நானும் ஒண்ணா சுரங்கத்துல பைப் போட்டவங்க."

"அது காபிக்குத்தான் காரணம். விடறதுக்கு வேற வேணும்." அவள் குரல் தணிந்தது. "நேத்து மார்லா வெர்னை மிரட்டினாளாமே? நாலு பேர் சொல்றாங்க."

"மிரட்டினா. அவன் கையை வெச்ச இடம் அப்படி."

"இன்னிக்கு அவன் மண்டை உடைஞ்சு கிடக்கு. ஜூரி முன்னால இதை வெச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

தெரியும். டென்னி தன் கைகளைப் பார்த்தான். முப்பது வருஷ இரும்பில் காய்த்த கைகள். விரலிடுக்கில் பேஸ்ட் இன்னும் ஒட்டியிருந்தது.

"நான்தான் கொன்னேன்," என்றான்.

கைலின் பேனா நின்றது.

லோரெய்ன் அசையவில்லை. "டென்னி... வக்கீல் வெச்சுக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நீங்க பேசறது எல்லாம் பதிவாகுது. பேசாம இருக்கலாம்."

"பேசறேன். வக்கீல் வேண்டாம்."

"எதால அடிச்சீங்க?"

"பைப்பால. லைன் முனையில இருந்த முழப் பைப். மூடி போட்டது."

"எத்தனை அடி?"

"ஒண்ணு."

"எங்க?"

"நெத்தி நடுவுல."

கைல் நிமிர்ந்து லோரெய்னைப் பார்த்தான். காயம் எங்கே என்று இதுவரை வெளியே யாருக்கும் சொல்லவில்லை!

"அந்தப் பைப் இப்ப எங்க?"

"அங்கதான். லைன்லயே."

"லைன்லயா?"

"துடைச்சு, மரைக்கு பேஸ்ட் போட்டு, திரும்ப முறுக்கிட்டேன். காத்தையும் ஏத்திட்டேன். நீங்க ஊர் பூரா தேடுவீங்க, அது உங்க மூக்குக்கு நேரா நிக்கும்னு நெனச்சேன்."

லோரெய்ன் நீளமாக மூச்சு விட்டாள்.

"அப்ப அறுபதுல நிறுத்தினது நீங்கதான்."

"ஆமா."

"நேத்து நீங்க காத்து ஏத்தினப்ப பனி உருகி கூரையில தண்ணி சொட்டிக்கிட்டு இருந்துது. இன்னிக்கு காலையில ஏரிக்காத்து திரும்பி, துப்பின எச்சில் தரையில விழறதுக்குள்ள கல்லாகுது. குளிர்ல காத்து சுருங்கும். லைன் எவ்ளோ நல்லா இருந்தாலும் முள்ளு அம்பதுக்குப் பக்கத்துல இறங்கியிருக்கணும். இது என்னடான்னா அறுபதுல சிப்பாய் மாதிரி நிக்குது!... எங்க அப்பா சாப்பாட்டு மேசையில வேற என்னத்தைப் பேசினார்? யாரோ இன்னிக்குத்தான் திறந்து மூடியிருக்கான்னு பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு."

டென்னி வாய் பிளந்தான். பிறகு கசப்பாகச் சிரித்தான்.

"பழக்கம். டெஸ்ட்னா அறுபது. கை தானா நிறுத்திருச்சு."

"மார்லாவோட ரெஞ்சும் காணோம்."

"நான்தான் எடுத்தேன்."

"அடுத்தவங்க ரெஞ்சையா? நீங்களா?"

"கொலையே பண்ணிட்டேன். ரெஞ்சுக்கு என்ன மரியாதை?"

"எங்க அது?"

"ஏரியில. உறைஞ்ச ஏரி மேல என் மீன்பிடிக் குடிசையில ஐஸ் ஓட்டை இருக்கில்ல, அது வழியா உள்ள போட்டுட்டேன்."

"ஏன் கொன்னீங்க?"

"என் பொண்ணு மேல கை வெச்சான்."

"அது நேத்து. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?"

"நான் மெதுவாத்தான் யோசிப்பேன்."

கைல் இருமினான். சிரிப்பை விழுங்கிய இருமல்.

லோரெய்ன் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் குரலில் இப்போது ஏதோ ஒரு கெஞ்சல்.

"டென்னி, இதை நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க மேல ஏறினப்ப... வெர்ன் உயிரோட இருந்தானா?"

கொக்கி போடுகிறாள் என்று நினைத்தான் டென்னி. தடுமாறினால் மார்லா மாட்டுவாள்.

"உயிரோடதான் இருந்தான்."

"அந்தப் பைப் லைன்ல மாட்டியிருந்துதா? இல்ல... கீழ கிடந்துதா?"

"மாட்டித்தான் இருந்துது."

"நிச்சயமா?"

"நான்தான் காத்தை விட்டேன், நான்தான் கழட்டினேன், நான்தான் அடிச்சேன். எத்தனை தடவை சொல்றது?"

"கடைசியாக் கேக்கறேன். நீங்க ஏறினப்ப அது கீழ கிடக்கலை?"

"கிடக்கலை!"

லோரெய்ன் ஒரு கணம் கண்களை மூடினாள்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தான் டென்னி.

கைல் தாளை டைப் செய்து கொண்டுவந்தான். டென்னி படிக்கவே இல்லை. பெயரை எழுதினான். 

கைல் தாளை எடுத்துக்கொண்டு வெளியேறினான்.

"இப்பவாவது அவளை விடு. வெளிய பனி கொட்டுது. அவ வண்டி டயரெல்லாம் மொழுமொழுன்னு தேஞ்சு கிடக்கு. யாரையாவது கூடப் போய் வீட்ல விடச் சொல்லு."

லோரெய்ன் நகரவில்லை.

"மார்லா என்ன சொன்னான்னு போன்ல கேட்டீங்களே... இப்ப சொல்லலாம்."

"என்ன சொன்னா?"

"வெர்ன் அவளைக் கூரைக்கு வரச் சொல்லியிருக்கான். முள்ளு இறங்கியிருக்கு, நீ போட்ட முனை ஒழுகுதுன்னு கத்தியிருக்கான். ஒழுக்கு இல்ல, குளிர்ல இறங்கியிருக்குன்னு இவ சொல்லியிருக்கா. 'எனக்கே பாடம் நடத்தறியா'ன்னு அவ கையிலேர்ந்து ரெஞ்சைப் பிடுங்கியிருக்கான்."

டென்னி நாற்காலி நுனிக்கு வந்தான்.

"'காத்து இருக்கு, முதல்ல காத்தை விடு'ன்னு கத்தியிருக்கா. அவன் காதுலயே வாங்கலை. முனைக்கு நேரா மண்டி போட்டு, மூஞ்சியை நீட்டிக்கிட்டு முறுக்கியிருக்கான். கடைசி மரை விட்டதும்... படார்!"

"இல்ல..."

"இவ போன் குளிர்ல செத்துக் கிடந்துது. வண்டியை எடுத்துக்கிட்டு ஊருக்குள்ள ஃபயர் ஸ்டேஷனுக்குப் பறந்திருக்கா. ஆம்புலன்ஸ் கூப்பிட!"

நீல பிக்கப். வெறி பிடித்த வேகம். திரும்பிப் பார்க்காத முகம்.

"வெர்ன் அவ்ளோ முட்டாள் இல்லையே, லோரெய்ன்..."

"அவ்ளோ முட்டாள்தான். ஒரு பொண்ணு சொல்லிக் கேக்கறதாங்கற முட்டாள்."

டென்னி மேஜையைப் பிடித்துக்கொண்டான்.

"நான் போய்ப் பாக்கறேன்," லோரெய்ன் தொடர்ந்தாள். "பைப் பறந்துச்சுங்கறா... பைப் மாட்டியிருக்கு. காத்தெல்லாம் போச்சுங்கறா... முள்ளு அறுபதுல. ரெஞ்ச் கிடக்குங்கறா... ரெஞ்சே இல்ல. கேஸ் இன்ஸ்பெக்டரை வரவழைச்சு, ஒழுக்கு இருக்கான்னு சோப்புத் தண்ணி தடவச் சொன்னேன். ஒரு குமிழிகூட வரலை! 'இது பறந்திருக்க வாய்ப்பே இல்லை'ன்னு எழுதிக் குடுத்துட்டார். அரசு வக்கீல் 'பொண்ணு பச்சையாப் புளுகுது'ன்னு அடிச்சுச் சொல்றார்."

"கடவுளே..."

"அவளுக்குன்னு இருந்த ஒரே சாட்சி அந்த முள்ளுதான். யாரோ பின்னால வந்து எல்லாத்தையும் திரும்ப மாட்டியிருக்கான். அந்த யாரோ வந்து, 'நான் ஏறினப்பவே பைப் கீழதான் கிடந்துது'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அவ சொல்றது நிஜம்னு ஆயிடும். விபத்து. இன்னிக்கே வீட்டுக்குப் போயிருப்பா. உங்களுக்கும் சாட்சியைக் கலைச்ச குத்தம் மட்டும்தான். அந்த ஒரு வார்த்தையை நான் உங்க வாயில ஊட்ட முடியாது. நீங்களா சொல்லணும். மூணு தடவை கேட்டேன், டென்னி!"

"கிடந்துது!" டென்னி எழுந்து அலறினான். "கீழதான் கிடந்துது! முள்ளு பூஜ்யத்துல இருந்துது! அவன் செத்துக் கிடந்தான்! இவதான்னு நெனச்சு நான்... இப்ப எழுது! கைலைக் கூப்பிடு! வேற தாள்ல எழுது!"

"எழுதலாம். அவ கதையை நான் சொன்னதுக்கு அப்புறம் அப்பா அதையே ஒப்பிச்சார்னு எழுதலாம். எந்த ஜூரி நம்பும்?"

"நீ நம்பறியா?"

"நம்பறேன்." அவள் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தாள். "ஆனா அந்தப் பக்கம் நிக்கற அரசு வக்கீல் கையில நீங்க போட்ட கையெழுத்து இருக்கு."

"அப்ப என்னை உள்ள போடு! அவளை விட்டுரு! அதுக்குத்தானே நான்..."

"எப்படி விடறது? கூரையில இருந்தேன்னு அவளே சொல்லியிருக்கா. நீங்க அடிச்சேங்கறீங்க. அப்ப அவ பாத்துக்கிட்டு நின்னவ. பைப் பறந்துச்சுன்னு பொய் சொல்லி உங்களைக் காப்பாத்தப் பாத்தவ. அப்பாவும் பொண்ணும் சேர்ந்து பண்ணின கொலை. அவர் இப்ப அதைத்தான் எழுதிக்கிட்டிருக்கார்."

பக்கத்து அறையில் கதவு திறக்கும் சத்தம். காலடிகள். பிறகு மார்லாவின் குரல், சுவர் வழியாக, கிழிந்துபோய் வந்தது.

"எங்க அப்பாவா? எங்க அப்பா எதுக்கு... அவர் அங்க இல்லவே இல்ல! இல்லவே இல்ல!"

டென்னி சுவரில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தான்.  

லோரெய்ன் எழுந்தாள். கேமராவை அணைத்தாள். கதவுப் பிடியில் கையை வைத்தவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"இன்ஸ்பெக்டர் போறப்ப உங்ககிட்டச் சொல்லச் சொன்னார், டென்னி... அவர் சர்வீஸ்லயே இவ்ளோ சுத்தமான வேலையைப் பாத்ததில்லையாம்!"